பாட்டில் தண்ணி அப்படியே திரும்பி வருதா?

காலை ஒன்பது மணி. பால்வாடி வாசலில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே வர மாட்டானாம். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைத் திறக்கிறார். எதிர்ப் பெட்டிக்கடையிலிருந்து பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் பாக்கெட் வருகிறது. ஸ்ட்ரா குத்தியதும் அழுகை நிற்கிறது.

"இதைக் கையில குடுத்தாத்தான் உள்ள போறான் டீச்சர். என்ன பண்றது?" என்று சிரிக்கிறார் பாட்டி. டீச்சரும் சிரிக்கிறார். பையன் உள்ளே போய்விட்டான். பாட்டிக்கு வேலை முடிந்தது, டீச்சருக்கும் நிம்மதி.

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு பிளே ஸ்கூல்கள் வேறு. அவற்றில் எதன் வாசலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இடத்துக்கு இடம் பானம்தான் மாறும். காட்டு வேலைக்குப் போகிற அம்மா, டீயில் பன்னை நனைத்து ஊட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார். காரில் வந்து இறங்கும் குழந்தையின் கையில் சாக்லேட் பவுடர் கலந்த பால் சிப்பர் இருக்கும்.

'என் பையன் தண்ணியே குடிக்க மாட்டான், ஜூஸ்னா உடனே குடிச்சிடுவான்' என்று பெருமையும் புலம்பலுமாகச் சொல்லாத வீடு குறைவு. ஆனால், கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் ஒரு விஷயம் புரியும். குழந்தையின் டம்ளரில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பெரியவர்களின் அவசரம்தான். அழுகையை நிறுத்த ஜூஸ். பசியை அடக்க டீ. சாப்பாடு இறங்காத பிள்ளைக்கு ஈடுகட்ட சத்து பவுடர். தண்ணீர் கொடுக்காமல் விடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அது இன்னும் சங்கடமானது.

பாத்ரூமுக்குப் பயந்து

மாலையில் பிள்ளையைக் கூட்டிவந்ததும் பையைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் கழுத்து வரை அப்படியே இருக்கும். 'அவன் குடிக்கவே இல்லைங்க' என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் குடிக்கச் சொன்னவர் யார்?

இருபது, இருபத்தைந்து குட்டிகளை ஒரே ஓர் ஆயாம்மா பார்த்துக்கொள்ளும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால், அரை மணி நேரத்தில் வரிசையாகக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜட்டியை இறக்கிவிட வேண்டும், கழுவிவிட வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிடும். துணி மாற்ற வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும். கழிவறையில் தண்ணீர் வராத மையமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த நிலைமையில் 'தண்ணி குடி, தண்ணி குடி' என்று எந்த ஆயாம்மாதான் சொல்வார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடுதலாக ஒரு கை ஆளும், குழாயில் தண்ணீரும் இருந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

குடிக்காத தண்ணீரின் விளைவு வீட்டில்தான் தெரியும். மலச்சிக்கல், சாயங்கால எரிச்சல், காரணம் புரியாத அழுகை, அடர் மஞ்சள் நிறத்தில் கொஞ்சமாகப் போகும் சிறுநீர், சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று. மூன்று வயதுக் குழந்தைக்குத் தண்ணீர், பால், மோர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமாராக ஒரு லிட்டர் உள்ளே போக வேண்டும். சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். தாகம் எடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்க் குடித்துவிடுவோம். விளையாட்டில் மூழ்கிய மூன்று வயதுக்குத் தாகம் எடுப்பதே தெரியாது. தெரிந்தாலும், 'டீச்சர் தண்ணி' என்று கேட்கக் கூச்சப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2025-ல் 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள். காலை 11 மணி, மதியம் 1 மணி, மாலை 3 மணி என மூன்று முறை. வகுப்பு நடக்கும்போதே இரண்டு, மூன்று நிமிடம் ஒதுக்கி எல்லோரும் குடிக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கே மணி அடித்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்றால், மழலைகளுக்கு எவ்வளவு தேவை!

டீயும் ஒரு முட்டையும்

கோலாவைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தைக்கு யாரும் அதை ஊற்றிக் கொடுப்பதில்லை. ஆனால் டீயை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 'தாத்தா குடிக்கும்போது அவளுக்கும் ரெண்டு வாய்' என்று ஆரம்பிக்கும். நாலு வயதில் அவளுக்கென்று தனி டம்ளர் வந்துவிடும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! ரத்தசோகைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. டீயில் இருக்கும் டானின் என்ற பொருள், உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. அங்கன்வாடியில் கீரையும் பயறும் முட்டையும் கொடுத்து அரசாங்கம் ஒரு பக்கம் ரத்தத்தை ஊற வைக்கப் பார்க்கிறது. இன்னொரு பக்கம் வீட்டு டீ அதற்குக் குறுக்கே நிற்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி பெரியவர்களுக்கே சொல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இவை வேண்டவே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சின்ன வயிறு. காலையில் அரை டம்ளர் இனிப்பு டீயும் ஒரு பன்னும் போனால் இட்லிக்கு இடம் இருக்காது. பதினொரு மணிக்கு அந்தக் குழந்தை சோர்ந்து உட்காரும்.

டீயை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது? சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம் பிழிந்தது, அல்லது சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு கொய்யா, நெல்லிக்காய். வைட்டமின் சி சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்த நம் ஊர் அம்மாக்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இரண்டரை டீஸ்பூன்

சர்க்கரைக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றல் சுமார் 1,000 கலோரி. சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வருவது இதில் ஐந்து சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 50 கலோரி. சர்க்கரையாக அளந்தால் பன்னிரண்டரை கிராம். டீஸ்பூன் கணக்கில் இரண்டரை. காலை முதல் இரவு வரை மொத்தமே அவ்வளவுதான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சேர்த்த சர்க்கரையே தேவையில்லை.

இப்போது அந்தப் பத்து ரூபாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஒவ்வொரு 100 மில்லிக்கும்' என்று ஒரு கட்டம் இருக்கும். சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தால், 150 மில்லி பாக்கெட்டில் பத்தொன்பதரை கிராம். கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். வாசல்படி தாண்டுவதற்குள் அந்தப் பையன் ஒன்றரை நாள் சர்க்கரையைக் குடித்து முடித்துவிட்டான்.

பால் பவுடர் கதையும் இதுதான். டப்பாவில் நூறு கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று இருந்தால், இரண்டு ஸ்பூன் பவுடரில் ஆறு கிராம் வந்துவிடும். அதற்கு மேல் 'இனிப்பு பத்தலை' என்று அம்மா போடும் இரண்டு ஸ்பூன் தனி. எலும்பு வளரும், உயரம் வளரும் என்று விளம்பரத்தில் துள்ளிக் குதித்த இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. காரணம் எளிமையானது: இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே இல்லை. இரண்டு தலைமுறையாக நம் சமையலறை அலமாரியில் மரியாதையோடு உட்கார்ந்திருந்த ஒரு சொல், சட்டத்தில் எங்குமே இல்லை!

"நாங்க வெள்ளைச் சர்க்கரையே தொடறதில்லை, பனங்கற்கண்டுதான்" என்பவர்களும் உண்டு. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எல்லாமே உடம்புக்குள் போனால் சர்க்கரைதான், பல்லுக்கும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. நாக்கில் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழம் கடிக்கட்டும்

'பாக்கெட் ஜூஸ் இல்லைங்க, வீட்டிலேயே பிழிஞ்சது' என்றால்? பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால், மூன்று சாத்துக்குடியைப் பிழிந்தால்தான் ஒரு டம்ளர் நிறையும். நார் குப்பைக்குப் போய்விடும்; மூன்று பழத்தின் இனிப்பும் ஒரே மூச்சில் உள்ளே இறங்கும். உட்கார வைத்து உரித்துக் கொடுத்தால் ஒரு பழத்திலேயே வயிறு நிறைந்துவிடும். இரண்டு வயது வரை ஜூஸே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளைக்கு 125 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் எல்லை போட்டிருக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கு நேரத்தில் இந்த விஷயம் ஆபத்தாகவே மாறலாம். மருந்துக்கடையில் 'ஓ.ஆர்.எஸ்' என்ற எழுத்துகளோடு விற்ற இனிப்புப் பானங்களை நம்பி வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனையோ பேர். சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் இன்னும் தண்ணீர் இழுக்கப்பட்டு, போக்கு கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சரியான உப்புச் சர்க்கரைக் கரைசல் என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாக்கெட் கிடைக்கும். கவரில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறதோ, அதை அளந்தே கலக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண் திட்டத்தில் கலக்கக்கூடாது.

அந்தக் குட்டி டம்ளர்

வீட்டில் முடியாத ஒன்று பால்வாடியில் முடியும். வீட்டில் ஒற்றைக் குழந்தை, எதிரே நாலு பெரியவர்கள், பிடிவாதம்தான் ஜெயிக்கும். அங்கே இருபது குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி டம்ளரைத் தூக்கினால், இருபத்தோராவது குழந்தையும் தூக்கிவிடும். கத்தரிக்காயைத் தொடாத பையன் பால்வாடியில் சாம்பார் சாதம் சாப்பிடுகிறான் என்று கேட்டு அம்மாக்கள் ஆச்சர்யப்படுவது இதனால்தான்.

கலிஃபோர்னியா மாகாணத்தில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2012 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே குழந்தைகள் காப்பகங்களில் சர்க்கரை சேர்த்த பானம் கொடுக்கக்கூடாது. இரண்டு வயதுக்கு மேல் பால் என்றால் கொழுப்பு குறைந்த அல்லது கொழுப்பு நீக்கிய பால். முழுப் பழச்சாறு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் கிடையாது. நாள் முழுக்கக் குழந்தைக்குக் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

கடைசி விதியைக் கவனியுங்கள். 'கைக்கெட்டும் இடத்தில்.' நம் மையங்கள் பலவற்றில் தண்ணீர் கேன் மேஜை மேல் இருக்கிறது, டம்ளர் அலமாரியில் இருக்கிறது. குழந்தையின் உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு, குழாய் வைத்த மண்பானையை அதன் மேல் வைத்தால் செலவு சில நூறு ரூபாய். கோடையில் பானைத் தண்ணீரின் குளிர்ச்சியே குழந்தைகளை வரவழைக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்க வேண்டும். பானையைத் தினமும் கழுவி, மூடி வைக்க வேண்டும். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தால் மெல்லிய வாசனை. வெறும் தண்ணீரை முறைக்கும் பிள்ளைக்கு அது உதவும்.

டம்ளர் சின்னதாக, ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத வயது என்பதால் பெயருக்குப் பதிலாகப் படம்: ஒன்றில் கிளி, ஒன்றில் மாம்பழம், ஒன்றில் பஸ். 'என் கிளி டம்ளர்' என்றாகிவிட்டால் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

தானே ஊற்றிக் குடிப்பதும் பெரிய விஷயம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் கல்வி முறையில், சின்னக் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகுவது ஒரு பாடமாகவே இருக்கிறது. முதல் வாரம் சிந்தும். பக்கத்தில் ஒரு துணி வைத்தால் துடைக்கவும் கற்றுக்கொள்ளும். தான் ஊற்றியதைக் குழந்தை குடிக்காமல் விடுவது அபூர்வம். மிச்சம் இருந்தால் வாசல் செம்பருத்திக்கு ஊற்றச் சொல்லலாம்.

'தண்ணி குடிச்சா சாக்லேட் தர்றேன்' என்று மட்டும் வேண்டாம். சாக்லேட் பரிசு என்றால் தண்ணீர் தண்டனை என்று குழந்தை புரிந்துகொள்ளும். ஆயாம்மாவே தன் டம்ளரோடு வட்டத்தில் உட்கார்ந்து குடித்தால் போதும். அவர் கையில் டீ கிளாஸும் பிள்ளைகள் கையில் தண்ணீரும் என்றால் அவர்கள் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா?

பதினொரு மணிக்கு நீர்மோர் கொடுக்கிற மையங்கள் புத்திசாலிகள். தயிர், தண்ணீர், கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை துளியும் இல்லை. முன்பு குடிக்காத குழந்தை முதல் நாளே குடிக்காது; முகத்தைச் சுளிக்கும். புதுச் சுவை பிடிபட எட்டு, பத்து முறையாவது நாக்கில் பட வேண்டும். இரண்டாவது நாளே 'இவளுக்கு மோர் பிடிக்காது' என்று எழுதிவைத்துவிடுவதுதான் நாம் செய்யும் தப்பு.

வீட்டில் மெதுவாக

டீயை நிறுத்துவதில் தயக்கம் தேவையில்லை; அது குழந்தையின் உணவே அல்ல. இனிப்புப் பாலை ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் கலவரம்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றரையாக்கி இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஒன்று. பிறகு அரை. பவுடரும் அப்படியே. இரண்டு மாதத்தில் வெறும் பாலுக்கு வந்துவிடலாம். பாலும் நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும். அதற்கு மேல் குடிக்கும் குழந்தை சாப்பாட்டை ஒதுக்கும், ரத்தசோகை அங்கிருந்தும் வரும். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். இரவெல்லாம் பால் தங்கி முன்பற்கள் கறுத்துப்போன குழந்தைகளைப் பல் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

திருவிழாப் பானகத்தையும், ஊருக்குப் போகும் வழியில் வாங்கிய ஒரு டம்ளர் கரும்புச்சாற்றையும் பறிக்கத் தேவையில்லை. வருடத்துக்கு நாலு நாள் என்பது வேறு, நாளுக்கு நாலு முறை என்பது வேறு. பிளே ஸ்கூல் பிறந்தநாள்களில்தான் சிக்கல். முப்பது குழந்தை என்றால் வருடத்துக்கு முப்பது கேக், முப்பது ஜூஸ் பாக்கெட். 'பிறந்தநாளுக்கு நறுக்கிய பழமோ இளநீரோ மட்டும்' என்று நிர்வாகம் ஆண்டு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் எந்தப் பெற்றோரும் சங்கடப்பட மாட்டார்கள். ஒருவர் மட்டும் தனியாகச் சொன்னால்தான் கஞ்சத்தனமாகத் தெரியும்.

சேர்க்கைக்குப் போகும்போது எல்லோரும் கேமரா இருக்கிறதா, ஏ.சி இருக்கிறதா, இங்கிலீஷ் ரைம்ஸ் உண்டா என்று கேட்கிறார்கள். அவற்றோடு இதையும் கேட்கலாம்: தண்ணீர் எங்கே இருக்கிறது? குழந்தையே எடுத்துக் குடிக்க முடியுமா? கழிவறைக்குக் கூட்டிப்போக எத்தனை பேர்? கேட்டுவிட்டு அந்தக் கழிவறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். மாற்று ஜட்டி இரண்டைப் பையில் கூடுதலாக வைத்து, 'நனைச்சாப் பரவாயில்லைம்மா, தண்ணி மட்டும் குடுத்துடுங்க' என்று ஆயாம்மாவிடம் நேரில் சொல்லுங்கள்.

தூணைக் கட்டிக்கொண்டு நின்ற பையனுக்கு? பாட்டி பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, பெட்டிக்கடை இல்லாத பக்கத்துத் தெரு வழியாகக் கூட்டிவரலாம். இரண்டு நாள் அழுவான். மூன்றாவது நாள் உள்ளே பானைப் பக்கத்தில், பஸ் படம் போட்ட டம்ளர் அவனுக்காகக் காத்திருக்கும்.